பெரியவர் காதில் சொன்னது

மீனின் தலைக்குள் ஒரு கல் இருக்கிறது என்பது அறுபத்தேழு வயது வரைக்கும் உலகம்மாளுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. தென்காசியில் அவள் பிறந்த வீட்டிலும் சரி, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் சரி, அடுப்பில் மீன் ஏறியதில்லை. செய்தியில்தான் பார்த்தாள். மீன் கேட்கிற ஒவ்வொரு சத்தமும் அந்தக் கல்லில் மெல்லிய அடுக்காகப் படிந்துவிடுகிறதாம். அடுக்கு அடுக்காகத் தேய்த்து அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்கிற கருவி வந்துவிட்டதாம். அதற்கு மீன் உயிரை விட வேண்டும் என்பதைச் செய்தி வாசித்தவர் கடைசியில், வானிலைக்கு முன்னால், ஒரு வரியில் சொல்லி முடித்தார்.

மறுநாள் காலை காப்பியைக் கணவரிடம் நீட்டியபோது, "சங்குமுனைக்குப் போகணும்" என்றாள்.

பொன்னம்பலம் டம்ளரை வாங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

சங்குமுனையில் ஒரு பழைய மீன் காட்சியகம் இருக்கிறது. முத்துப் படுகைகளை ஆராய வந்த வெள்ளைக்காரர்கள் பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. பின்னாளில் அதோடு கடல் அருங்காட்சியகமும் சேர்ந்தது. நடுக்கூடத்துப் பெரிய தொட்டியில் ஒரு களவா மீன் பல வருடங்களாக இருக்கிறது. ஊரில் அதைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். தொட்டியின் பக்கவாட்டில் ஒரு பித்தளைக் குழாய். ஒரு முனை கூம்பாக வெளியே நிற்கும். மெல்லிய தகடு போர்த்திய மறுமுனை தண்ணீருக்குள் இருக்கும். மீனுக்குக் காது கேட்குமா என்று சோதிக்க ஏதோ ஒரு துரை பொருத்தியது. இரை போடும்போதெல்லாம் கூம்புக்குப் பக்கத்தில் மணி அடித்துப் பழக்கியிருந்தார்கள். அதனால் குழாயில் சின்னச் சத்தம் கேட்டாலும் பெரியவர் வந்து, கன்னத்தைத் தகட்டோடு ஒட்டி அசையாமல் நிற்பார்.

சிவன் கோயிலில் நந்தியின் காதில் குறை சொல்லிப் பழகிய சனங்கள் அதைப் பார்த்தார்கள். அப்புறம் சொல்ல வேண்டுமா? கல்யாணம், வேலை, பிள்ளைப்பேறு, கோர்ட்டுக் கேஸ் எல்லாம் அந்தக் கூம்புக்குள் போயின. மணப்பாட்டுச் சிலுவைக் கோயிலுக்குப் போகிறவர்களும் ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்களும் வழியில் இறங்கி, பெரியவர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்கள்.

உலகம்மாளின் ஒரே மகள் சுபத்ராவும் போட்டாள். பதினொரு வருடம் ஆகிறது. வடக்கே தூரத்து மலையடிவாரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்து, புறப்படுவதற்கு முன்னால் மூன்று பேருமாகத் திருச்செந்தூர் போய், அப்படியே சங்குமுனைக்கும் வந்தார்கள். கூம்பில் வாய் வைத்து நெடுநேரம் நின்றாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"என்னட்டி கேட்ட?"

"சொன்னாப் பலிக்காதும்மா."

முதல் வருடம் முடிவதற்குள் விடுதியில் காய்ச்சல் கண்டது. தாயும் தகப்பனும் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று வீட்டில் ஓயாமல் சொன்னது உலகம்மாள்தான். தன்னை அனுப்பவேண்டாம் என்றுதான் பிள்ளை அன்றைக்கு மீனிடம் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது பிறகு நிச்சயமாகிவிட்டது. ஆனாலும் நிச்சயத்துக்கும் தெரிந்துகொள்வதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதல்லவா? அதில்தான் அவள் பத்து வருடமாகக் குடியிருந்தாள். என் பிள்ளையை நான்தான் பிடித்துத் தள்ளினேனா? இந்தக் கேள்விக்குப் பதில் உலகத்தில் ஒரே இடத்தில் இருந்தது. ஒரு மீனின் தலைக்குள்.

*

ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார் கடற்கரைச் சாலையில் நின்றது. "இறங்கும் இடம் வந்துவிட்டது. உங்கள் வலது பக்கம் கடல்" என்றது.

"கண்ணு தெரியுது" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு உலகம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

காட்சியகத்தின் பொறுப்பாளர் ஜெசிந்தா வாசலுக்கே வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. "வாங்க சார்" என்று பொன்னம்பலத்தைப் பார்த்துத் தொடங்கியவர், பின்னால் வந்த உலகம்மாளைக் கண்டதும் சற்றே தடுமாறி, "வாங்கம்மா" என்று முடித்தார்.

முன்கூடத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்கியது. அதன் கீழே முத்துக்குளித்தவர்கள் காலில் கட்டி இறங்கிய கற்கள், ஓலைக் கொட்டான் பெட்டிகள், சிப்பிக் குவியல். சுவரோரம் கண்ணாடிப் புட்டிகளில் வெளுத்துப்போன கடல் உயிர்கள். அடுத்த கூடத்தில் தொட்டிகள் வரிசையாக மின்னின. மஞ்சளும் நீலமுமாக மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின.

"இவ்வளவு மீனா?"

"வெளிச்சத்துல காட்டுற படம்மா. நெசம் இல்ல" என்றார் ஜெசிந்தா. "கடல் சூடேறினதுல கரையோரம் ஒண்ணும் தங்கல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வந்தா ஏமாந்து போகக்கூடாதேன்னு இதைப் போட்டு வச்சிருக்கோம்."

"அப்பம் உசுரோட இருக்கது?"

"பெரியவர் மட்டும்தான்."

நடுக்கூடத்துக்குள் போனார்கள். பச்சை இருட்டுக்குள் ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு அது கிடந்தது. பழுப்பு உடம்பில் பாசி பிடித்த பாறை போல் திட்டுத் திட்டாக. ஒரு கண் வெள்ளை படர்ந்துவிட்டது. யாரும் மணி அடிக்கவில்லை. யாரும் கூம்பில் வாய் வைக்கவில்லை. ஆனால் பொன்னம்பலம் கண்ணாடி அருகே போனதும் அது மெல்லத் திரும்பி, நல்ல கண்ணால் அவரைப் பார்த்துவிட்டு, நீந்தி வந்து குழாய்த் தகட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டது.

"ஆள் தெரியுது போல" என்றாள் உலகம்மாள்.

"இரைன்னு நினைச்சிருக்கும்" என்றார் பொன்னம்பலம் அவசரமாக. ஜெசிந்தா தரையைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லுதீங்களாம்மா? வந்தவங்க எல்லாரும் சொல்லுவாங்க."

"நான் சொல்ல வரலை. சொன்னதை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."

*

காட்சியகத்துக் கமிட்டி உலகம்மாளின் மனுவுக்குச் சம்மதம் தந்து, கருவியைப் பின்பக்கத்து அறையில் வைத்திருந்தது. அதைக் கொண்டுவந்த பொறியாளர் இர்ஃபானுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினான்.

"இது என்ன கல்லு தம்பி? நமக்கு வயித்துல வருமே, அந்த மாதிரியா?"

"இல்லம்மா. பிறக்கும்போதே காதுக்குள்ள இருக்கது. மீன் வளர வளர அதுவும் வளரும்."

"கத்தலை மீனு ஆஞ்சா தலையில வெள்ளையா ரெண்டு வருமே, அதுதான்" என்றார் ஜெசிந்தா. "சின்னதுல நாங்க அதை வச்சு விளையாடுவோம்." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. "மன்னிச்சுக்கிடுங்கம்மா."

"இருக்கட்டும். கொல்லச் சொல்லி வந்திருக்கவ நான். மீன் ஆயிததைக் கேக்கக் கூச்சப்பட்டு என்ன செய்ய?"

இர்ஃபான் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "வெங்காயம் மாதிரி நினைச்சுக்கோங்கம்மா. வெளி அடுக்கு போன மாசம். உள்ள போகப் போகப் பழசு. மேல் அடுக்கைப் படிச்சுத் தேய்ச்சு எடுத்தாத்தான் அடுத்தது வரும். உங்க மகள் பேசினது நல்ல உள்ளுக்குள்ள இருக்கு."

"தேய்ச்சது?"

"தூளாப் போயிடும்."

"நடுவுல எத்தனை பேர் என்னென்னவோ சொல்லியிருப்பாங்களே. அதெல்லாம் நீங்க கேப்பீங்களா?"

"கேக்கக் கூடாதும்மா, சட்டம். நீங்க குடுக்கிற குரல் மாதிரிக்குப் பொருந்துறது மட்டும்தான் சத்தமா வரும். மத்தது தூளோட தூளாப் போயிடும்."

"எத்தனை பேர் அழுதுக்கிட்டே சொல்லிட்டுப் போனாங்க" என்று ஜெசிந்தா தனக்குள் சொல்வது போலச் சொன்னார். "எங்க ஊர்ல கடலுக்குப் போய் வராதவங்க பொண்டாட்டிங்க எல்லாம்."

"அவங்க சொன்னது அவங்களுக்குத் தெரியும்மா" என்றாள் உலகம்மாள். குரலில் கோபம் இல்லை. "என் பிள்ளை சொன்னது எனக்குத் தெரியாதே."



பொன்னம்பலம் மெல்லக் கேட்டார். "அதுவா போற வரைக்கும் காத்திருந்தா ஆகாதா தம்பி?"

"சில குடும்பங்க அப்படித்தான் காத்திருக்காங்க சார். ஆனா வயசாகி நோய்ல மெல்லச் சாகும்போது கல்லு சுண்ணாம்பாப் பொரிஞ்சு போயிடுது. தேறலாம், தேறாமலும் போகலாம்."

"எனக்கு அறுபத்தேழு" என்றாள் உலகம்மாள். "அது எனக்கு முன்னால போகும்னு யாராவது உறுதி சொல்லுங்க, நானும் காத்திருக்கேன்."

இர்ஃபான் மகளின் குரல் மாதிரியை வாங்கிக்கொண்டான். பழைய கைப்பேசியில் பிறந்தநாள் கேக் வெட்டியபோது சிரித்தது. "அன்னைக்குக் கூட நின்னவங்க குரலும் வேணும். அதைக் கழிச்சாத்தான் அவங்க குரல் தெளியும். அம்மா, நீங்க கொஞ்சம் பேசுங்க. அடுத்து சார்."

"என் குரல் வேண்டாமே" என்றார் பொன்னம்பலம். "நான் அன்னைக்கு ஒண்ணும் பேசலை."

"நீங்க என்னைக்குப் பேசியிருக்கீங்க?" என்றாள் உலகம்மாள். "பிள்ளை போன அன்னைக்கே ஒரு வார்த்தை இல்ல. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. மாசம் தவறினாலும் திருச்செந்தூர் போறது தவறாது. முருகன்கிட்டயாவது வாயைத் திறந்தீங்களோ என்னவோ. குடுங்க, தம்பி கேக்குதுல்ல."

பொன்னம்பலம் கருவியின் முன்னால் குனிந்து தன் பெயரையும் ஊரையும் சொன்னார்.

அறையை விட்டு வெளியே வந்ததும், தாழ்வாரத்து மரப் பலகையில் அவர் உட்கார்ந்துவிட்டார். கடல் எதிரே வெறுமனே மின்னிக்கொண்டிருந்தது.

"உலகு, நம்ம வீட்டுல எறும்புக்குக் கூட மாவுல கோலம் போடுவ."

"தெரியும்."

"இவ்வளவு வருசம் யாரு என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு, ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கு. மனுசங்கள்ல அப்படி ஒரு ஆள் கிடைக்குமா?"

"கிடைக்காது. அதனாலதான் எனக்கு அது வேண்டியிருக்கு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பாவம்னா என் தலையில எழுதட்டும். அவ போகமாட்டேன்னு சொல்லியிருந்தா, அதை விடப் பெரிய பாவம் ஏற்கெனவே அங்க எழுதியிருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிடாம என்னால சாக முடியாது."

அவர் அதற்கு மேல் பேசவில்லை. அவர் பேசியிருக்க வேண்டும். ஆனால் பேசாமலே பழகியவர்களுக்கு, பேச வேண்டிய இடம் வரும்போது வார்த்தை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரிவதில்லை.

*

அன்று பிற்பகல் கூடத்தைப் பார்வையாளர்களுக்கு அடைத்தார்கள். கால்நடை மருத்துவர் வந்திருந்தார். தண்ணீரில் கிராம்பு எண்ணெய் கலந்தால் மீன் வலி தெரியாமல் தூங்கிவிடுமாம்; அந்தத் தூக்கத்திலேயே போய்விடுமாம். சிறிய தொட்டி ஒன்றை அதற்காக இணைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். பெரியவர் தானாக அதற்குள் வர வேண்டும்.

ஜெசிந்தா மணியைக் கையில் எடுத்தார். அடிக்கவில்லை.

"அம்மா, இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம்."

உலகம்மாள் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே அது வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் அவளுக்கு, நோய்ப் படுக்கையில் தன் மாமனார் தண்ணீர் கேட்டது நினைவு வந்தது. அந்தக் கணத்தில் யாராவது அவள் கையைப் பிடித்திருந்தால் 'வேண்டாம்' என்று சொல்லியிருப்பாள். பிடிக்க வேண்டியவர் வெளியே தாழ்வாரத்தில் இருந்தார்.

"சரி" என்றாள்.

மணி அடித்தது. பெரியவர் திரும்பி, எப்போதும் போல, நம்பி வந்தார்.

கூடமெங்கும் கிராம்பு மணத்தது. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு வைத்த அறையில் மணக்குமே, அந்த மணம். ஜெசிந்தா தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டு, அசைவு நிற்கும் வரை அதன் நெற்றியில் வைத்திருந்தார். உதடுகள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தன. உலகம்மாளும் தனக்குத் தெரிந்த தேவாரத்தைத் தொடங்கினாள். இரண்டாவது வரிக்கு மேல் வரவில்லை.

*

கல்லைப் படிக்கச் சில நாள் ஆகும் என்றார்கள். கணவனும் மனைவியும் கடைவீதி விடுதியில் தங்கினார்கள். உலகம்மாள் சேலையில் கிராம்பு மணம் போகவில்லை. இரண்டு முறை துவைத்துப் பார்த்தாள்.

கூப்பிட்டு அனுப்பியபோது காலை நேரம். இர்ஃபான் முகம் ஒரு மாதிரி இருந்தது. "குருட்டுக் கண் பக்கத்துக் கல்லு பொரிஞ்சு போயிருந்ததும்மா. குழாய்ப் பக்கத்துக் கல்லு நல்லா இருந்துச்சு. உங்க மகள் குரல் கிடைச்சிருக்கு."

உலகம்மாள் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டாள்.

"ஆனா அதுக்கு முன்னால..." அவன் பொன்னம்பலத்தைப் பார்த்தான். "சாரோட குரல் வருது. அன்னைக்குப் பேசினது இல்ல. பிறகு. நிறைய அடுக்குல."

"அதை விட்டுருங்க தம்பி" என்றார் பொன்னம்பலம். எழுந்தே விட்டார்.

உலகம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் அப்படி ஒரு குரலில் கெஞ்சி அவள் கேட்டதில்லை.

"போடுங்க" என்றாள்.

முதலில் கடல் இரைச்சல் போல ஒன்று. பிறகு, வாயைக் கூம்பில் வைத்து ரகசியமாகப் பேசுகிற ஒரு வயதான மனிதரின் குரல்.

"சுபா. அப்பா வந்திருக்கேன். திருச்செந்தூர்ல சரியான கூட்டம். அம்மா நல்லா இருக்கா. மாடியில பீர்க்கங்கொடி ஏத்தியிருக்கா. முழங்கால்தான் படுத்துது. ராத்திரி தைலம் தேச்சு விடுதேன். தூங்கிட்டான்னு நான் கையை எடுத்தா, 'ஏன் நிறுத்திட்டீங்க'ங்கா. மத்தபடி சாப்பிடுதா. வரட்டுமா?"

இர்ஃபான் அடுத்த அடுக்கைத் தொட்டான். அது அதற்கு முந்தைய வருடம்.

"சுபா. அம்மா இன்னைக்குச் சிரிச்சுட்டா. எதிர்வீட்டுச் சின்னது கோலத்து மேல சைக்கிளை விட்டுட்டு, 'ஆச்சி, நான் ஒரு கோடு சேத்திருக்கேன், நல்லா இருக்கா'ன்னு கேட்டுது. அதைத்தான் உங்கிட்டச் சொல்லணும்னு ஓடி வந்தேன். முருகனை நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

அடுக்குகள் பின்னோக்கிப் போயின. அவர் சொன்னதில், ஒரு வருடம் உலகம்மாள் மகளின் அறைக் கதவைத் திறந்திருந்தாள். அதற்கு முன் வருடம் திறக்கவில்லை.

"அம்மா சரியாச் சாப்பிட மாட்டேங்கா. நான் சமைக்கப் படிக்கேன். குழம்புல உப்பு கூடிப்போகுது. ஒண்ணும் சொல்லாமச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிருதா. திட்டினாலாவது நல்லா இருக்கும். நான் அவகிட்ட என்ன பேசட்டும் சுபா? எதைப் பேசினாலும் உங்கிட்ட வந்துதான் நிக்குது. உன் பேரைச் சொன்னா அவ உடைஞ்சு போயிருவாளோன்னு இருக்கு. அதான் இங்க வந்து சொல்லுதேன்."

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முந்தையதில், வார்த்தையே இல்லை. 'சுபா' என்று ஒரு முறை. பிறகு ஒரு ஆண்பிள்ளை சத்தம் வராமல் அழுவதற்குப் படுகிற பாடு. கல் அதையும் விட்டுவிடாமல் எழுதி வைத்திருந்தது.

உலகம்மாள் கணவரின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"அடுத்தது உங்க மகள்" என்றான் இர்ஃபான். "நீங்க கூப்பிட்டது மேல விழுந்திருந்துச்சு. அதைக் கழிச்சுட்டேன்."

பத்தொன்பது வயதுக் குரல் அறைக்குள் வந்தது. சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில், மூச்சோடு மூச்சாக.

"பெரியவரே, சாப்பிட்டீங்களா? ... எல்லாரும் உங்ககிட்டக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்களை யாரும் விசாரிக்கிறதில்ல. அதான். ... தனியா இருக்கப் பயமா இருக்குமா? எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. ஆனா போறேன். எனக்குப் படிக்கணும். நான் பயப்படுதேன்னு தெரிஞ்சா அம்மா என்னை அனுப்ப மாட்டா. அனுப்பாம வச்சுக்கிட்டு, பிறகு அதையே நினைச்சு வருத்தப்படுவா. அதனால அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. சரியா? லீவுக்கு வரும்போது வந்து பாக்கேன். உங்களுக்கு..."

அங்கே ஒரு வெற்றிடம். ஒரு தாயின் அவசரமான குரலைக் கழித்துவிட்ட இடம் அது.

"இதோ வர்றேம்மா" என்றாள் சுபத்ரா.

அவ்வளவுதான்.

கதவருகே நின்ற ஜெசிந்தா முகத்தை மூடிக்கொண்டிருந்தார். உலகம்மாள் கருவியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சொல்லிராதீங்கன்னு கேட்டிருக்கா."

"ஆமாம்மா" என்றான் இர்ஃபான்.

"அது சொல்லலை. பதினொரு வருசம் சொல்லலை." அவள் தன் கைகளைப் பார்த்தாள். "நான்தான் பிடுங்கிட்டேன்."

மகள் தானாகத்தான் போனாள். உலகம்மாள் கேட்க வந்த பதில் அதுதான், அது கிடைத்துவிட்டது. ஆனால் பதில் கிடைத்ததும் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தாள். இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. அதற்குப் பதில் சொல்லக் கல் எதுவும் மிச்சம் இல்லை.

இர்ஃபான் ஒரு காகிதப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தான். தேய்த்து எடுத்த தூள். பிரித்துப் பார்த்தாள். வெள்ளையாக, மெத்தென்று, கோயிலில் கொடுக்கிற திருநீறு போலவே இருந்தது. யார் யாருடைய கல்யாணமோ, யார் யாருடைய பிள்ளையோ, திரும்பி வராத யாருடைய படகோ, எல்லாம் அதில் கலந்து கிடந்தன. அதை நெற்றியில் வைக்க அவளுக்குத் துணிவில்லை. கீழே போடவும் மனமில்லை.

"பெரியவரை எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டாள்.

"கடல்ல விட்டுட்டோம்மா. பாடம் பண்ணிக் கண்ணாடிக்குள்ள வைக்கணும்னு கமிட்டியில சொன்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். வேலைக்கு என்ன ஆகுமோ, தெரியல." அவர் கண்ணைத் துடைத்தார். "சார் வரும்போதெல்லாம் எனக்குத் தெரியும்மா. நான் கூடத்தை விட்டு வெளியே போயிருவேன். அவர் தனியாப் பேசட்டும்னு. உங்ககிட்டச் சொல்லியிருக்கணுமோன்னு இப்பத் தோணுது."

"நீங்க செஞ்சது சரிதான்" என்றாள் உலகம்மாள். "சொல்லியிருக்க வேண்டியவங்க நீங்க இல்ல. கேட்டிருக்க வேண்டியவ நான்."

*

கட்டடத்துக்குப் பின்னால் படிகள் கடலுக்கு இறங்கின. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. உலகம்மாள் கடைசிப் படியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக அலையில் விட்டாள். பொன்னம்பலம் அவள் விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டார். வெள்ளை ஒரு கணம் மேலே மிதந்து, பிறகு கரைந்தது.

"என்னைப் பத்தி எல்லாத்தையும் போய்ச் சொல்லியிருக்கீங்க" என்றாள் திரும்பாமல்.

"ம்."

"குழம்புல உப்பு கூடிப்போனது வரைக்கும்."

"அவ கேப்பாளேன்னுதான்."

"இனிமே யார்கிட்டப் போய்ச் சொல்லுவீங்க?"

அவர் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பத்து வருடமாக அவருக்கு இருந்த ஒரே துணையைத் தான் ஒரு வார்த்தையில் அனுப்பிவைத்தது உலகம்மாளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. கொல்லவேண்டாம் என்று அவர் தாழ்வாரத்தில் சுற்றி வளைத்துச் சொன்னது எதற்காக என்பதும்.

மேலே கட்டடத்துக்குள் மணி அடித்தது. இரை போடும் நேரம். ஜெசிந்தாவின் கை பழக்கத்தில் மணியைத் தொட்டிருக்க வேண்டும். இரண்டு முறை அடித்து, மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது.

உலகம்மாள் மெல்ல முகத்தைத் திருப்பி, நிமிர்ந்து, கணவரைப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது. இது எப்போது இப்படி ஆனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏங்க, நீங்க சாப்பிட்டீங்களா?"

வீட்டில் யாராவது எப்போதாவது இப்படிக் கேட்டால், 'ஆச்சு' என்பதுதான் அவர் வழக்கம். இப்போதும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"இல்ல உலகு" என்றார்.